மேற்பார்வையாளர் பின்வரிசையில் அமர்ந்து எழுதுவது என்ன?

கேள்வி
யூன் 3, 2025

நகரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரத்தில், கடலோரக் கிராமம் ஒன்றில் தரம் 7, 8 வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். நியமனம் கிடைத்து ஒன்றரை ஆண்டு. அடுத்த மாதம் வெளிவாரி மேற்பார்வை என்று அதிபர் சொல்லிவிட்டார். சென்ற ஆண்டு வந்தவர் பதினைந்து நிமிடம் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். "வகுப்பு முகாமைத்துவம் போதாது, மேலும் முயற்சிக்கவும்" என்று எழுதிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். எதை முயற்சிக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாடக்குறிப்பு ஒழுங்காக எழுதுகிறேன், கற்றல் சாதனங்கள் செய்கிறேன். ஆனால் கோப்புடன் ஒருவர் வாசலில் நின்றாலே வெண்கட்டி பிடித்த கை நடுங்குகிறது. அவர்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்? எப்படித் தயாராவது?


யூன் 3, இரவு 9.40

அந்த வாக்கியத்தையே முதலில் எடுத்துப் பார்ப்போம், தங்கை. "வகுப்பு முகாமைத்துவம் போதாது." இதில் அவர் கண்டது எது? ஒன்றுமே இல்லை. அவர் கருதியது மட்டும் இருக்கிறது. கண்டதை எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: "9.10க்கு ஆசிரியர் பலகையில் எழுதத் திரும்பினார். 9.14 வரை வகுப்பைப் பார்க்கவில்லை. அந்த நான்கு நிமிடத்தில் யன்னலோர வரிசையில் ஐந்து மாணவர் எழுதவில்லை. இருவர் கொப்பியைப் பறித்து விளையாடினர்."

இதை வாசித்திருந்தால் அடுத்த நாளே உங்களுக்கு வழி தெரிந்திருக்கும். பாதியை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பீர்கள். அல்லது ஒரு மாணவியைப் பலகையில் எழுதச் சொல்லிவிட்டு நீங்கள் யன்னலோரம் போய் நின்றிருப்பீர்கள். "போதாது" என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரால் என்ன செய்ய முடியும்?

நான் இருபத்தாறு ஆண்டுகள் கல்விச் சேவையில் இருந்தவள். கடைசி ஏழு ஆண்டுகள் கணிதத்துக்கான ஆசிரிய ஆலோசகராக மற்றவர்களுடைய வகுப்புகளில் பின்வரிசையில் அமர்ந்தேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததால் சொல்கிறேன். புள்ளியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எழுதப்படும் ஒவ்வொரு வரியிலும் கண்டது எது, கருதியது எது என்று பிரித்துப் படியுங்கள்.


யூன் 4, காலை 6.15

இரவு எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். உங்கள் வகுப்பறைக்குள் பெரியவர் ஒருவர் வந்து அமர்வதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். உங்களுக்கு உதவ வருகிறார், அல்லது உங்களை மதிப்பிட வருகிறார். அதிபரோ பகுதித் தலைவரோ வந்தால் அது உள்ளக மேற்பார்வை. வெளியிலிருந்து குழுவாக வந்தால் வெளிவாரி மேற்பார்வை, அவர்கள் உங்களை மட்டுமல்ல, பாடசாலை முழுவதையும் பார்க்கிறார்கள். ஆசிரிய ஆலோசகரின் வேலை பாடத்தில் துணை நிற்பது. வருடாந்தச் செயலாற்றுகை மதிப்பீடு இவை எல்லாவற்றிலும் வேறானது. அது சுயவிபரக் கோவைக்குப் போகும் கடதாசி.

சிக்கல் எங்கே என்றால், நான்குக்கும் அதே கதிரை, அதே பேனா, பல நேரங்களில் அதே மனிதர். ஆசிரியருக்கு எது எதுவென்று யாரும் சொல்வதில்லை. உதவ வந்தவரிடம் பலவீனத்தைக் காட்டினால்தான் உதவி கிடைக்கும். மதிப்பிட வந்தவரிடம் யாரும் பலவீனத்தைக் காட்ட மாட்டார்கள். இரண்டும் ஒரே முகத்தில் வரும்போது ஆசிரியர் எல்லாரிடமும் மறைக்கத் தொடங்குகிறார். உங்கள் கை நடுங்குவதன் வேர் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆகவே இன்றே அதிபரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள். இது எதற்கான வருகை, எந்தப் படிவத்தைப் பயன்படுத்துவார்கள், நிரப்பிய படிவத்தின் பிரதி எனக்குக் கிடைக்குமா? மரியாதையாகக் கேட்டால் எந்த அதிபரும் கோபிக்க மாட்டார். வெற்றுப் படிவத்தை முன்கூட்டியே வாங்கி வாசித்தவர்களின் பயம் பாதியாகக் குறைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.


யூன் 7, பிற்பகல் 3.20

என் கதையைச் சொல்கிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

1998. திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கம் எனக்கு இரண்டாம் ஆண்டு. அப்போது கிண்ணியாப் பாலமும் இல்லை, அதற்கப்பால் இப்போதிருக்கும் பாலங்களும் இல்லை. வாரத் தொடக்கத்தில் படகேறிக் குடாவைக் கடந்து போவேன், வெள்ளி திரும்புவேன். மார்கழியில் கடல் பொங்கினால் புத்தகங்களைப் பொலித்தீன் உறையில் இறுகக் கட்டி மடியில் வைத்திருப்பேன்.

ஒரு நாள் மேற்பார்வைக்கு வந்தார்கள். தரம் 8, பின்னங்களின் வகுத்தல். மூன்று நிற வெண்கட்டியால் பலகையை நிரப்பினேன். "தலைகீழாக்கிப் பெருக்குக" என்று சிவப்பில் எழுதிப் பெட்டி கட்டினேன். வந்தவர் நல்ல மனிதர், முகம் மலர்ந்து போனார். "பலகை எழுத்து மிக நன்று. பாராட்டுகள்" என்று எழுதியிருந்தார். அந்த வரியை எத்தனை முறை வாசித்தேன் என்று கணக்கில்லை.

அதன்பின் ஐந்து ஆண்டுகள் நான் பலகை எழுத்தை அழகாக்கிக்கொண்டே போனேன். 2003இல் சாதாரண தர வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "ரீச்சர், ஏன் தலைகீழாக்குகிறோம்?" என்று கேட்டாள். பதில் வாய்க்கு வரவில்லை. அன்று மாலை வீட்டில் பாண் வெட்டும்போதுதான் எனக்கே பிடிபட்டது. மூன்று பாணை அரைப்பாணாக வெட்டினால் ஆறு துண்டு. மூன்றை அரையால் வகுத்தால் ஆறு, மூன்றை இரண்டால் பெருக்கினாலும் ஆறு. மறுநாள் பாணும் கத்தியும் கொண்டுபோனேன். அந்த வகுப்பு எழுப்பிய சத்தம் இன்றும் காதில் இருக்கிறது.

இப்போது 1998க்குத் திரும்புங்கள். அந்த 40 நிமிடத்தில் ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் ஏன் என்று எவரையும் கேட்கவில்லை. வந்தவர் அதை மட்டும் எழுதியிருந்தால், "இப்பாடவேளையில் மாணவர் எவரும் கேள்வி கேட்கவில்லை" என்று ஒரே வரி எழுதியிருந்தால், எனக்கு அந்த ஐந்து ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். அந்த ஐந்து ஆண்டுகளின் பிள்ளைகளுக்கும்.

உங்களைப் புண்படுத்திய குறிப்பைப் பற்றிக் கேட்டீர்கள், தங்கை. என்னைக் கெடுத்தது ஒரு பாராட்டு. "மிக நன்று" என்பதும் கருதியதுதான்.


யூன் 8, காலை 7.05

திருத்தம். கிண்ணியாவிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியிருக்கிறார்: "புள்ளியைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல்வது ஓய்வுபெற்றவருக்கு எளிது. தரமுயர்வுக்கு முந்திய ஆண்டுகளின் மதிப்பீடு திருப்திகரமாக இருக்க வேண்டும் என்று சேவைப் பிரமாணக் குறிப்பில் இருக்கிறதே."

அவர் சொல்வது சரி. இலங்கை ஆசிரியர் சேவையில் செயலாற்றுகை மதிப்பீடு தரமுயர்வுடன் கட்டப்பட்டது. நான் எழுதியது தவறு, அதை மீளப் பெறுகிறேன். புள்ளியும் முக்கியம்தான். ஆனால் ஒரு பாடவேளையில் ஒருவர் கண்டதை வைத்து ஓராண்டை அளக்க விடாதீர்கள் என்று சேர்த்துக்கொள்கிறேன். அதற்கு உங்கள் கையில் ஓராண்டுக்கான சான்று இருக்க வேண்டும்.

நான் பழகிய வழி இது. ஒவ்வொரு வகுப்பிலும் கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர், நடுத்தரமாக ஒருவர், தடுமாறும் பிள்ளை ஒருவர் என்று மூவரைத் தெரிவேன். மாதம் ஒருமுறை அவர்களது கொப்பியில் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துத் திகதியுடன் வைப்பேன். இப்போதென்றால் கைத்தொலைபேசியில் ஒரு படம் போதும். ஆண்டு இறுதியில் தடுமாறிய பிள்ளையின் தை மாதப் பக்கத்தையும் கார்த்திகைப் பக்கத்தையும் அருகருகே வைத்தால் எந்த அதிபரும் நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பார். கிண்ணியாச் சகோதரருக்கு நன்றி.


யூன் 12, இரவு 10.10

தயாராவது எப்படி என்ற கேள்விக்கு இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

1950களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரிய பயிலுநர்களைக் கவனித்த மொறிஸ் கோகனும் அவரது சகாக்களும் ஒரு குறையைக் கண்டார்கள். மேற்பார்வையாளர் வருகிறார், பார்க்கிறார், அறிவுரை சொல்கிறார், போகிறார், வகுப்பறையில் எதுவும் மாறுவதில்லை. அதிலிருந்து பிறந்த முறையை றொபேட் கோல்ட்ஹாமர் 1969இல் ஐந்து படிகளாக எழுதினார். முன்பேச்சு, அவதானிப்பு, கண்டதை ஆராய்தல், பின்பேச்சு, கடைசியாக மேற்பார்வையாளர் தன்னையே சோதித்தல். நம் பாடசாலைகளில் இரண்டாவது படி மட்டும் நடக்கிறது. நான்காவது படி, படிவத்தின் கீழே ஒரு கையொப்பமாகச் சுருங்கிவிட்டது. ஐந்தாவதைப் பற்றி நான் பயிற்சிப் பட்டறைகளில்கூடக் கேட்டதில்லை.

முன்பேச்சை மேற்பார்வையாளர் தொடங்காவிட்டால் நீங்கள் தொடங்கலாம். ஐந்து நிமிடம் போதும். வந்தவர் அதிபர் அறையில் சோடா குடித்துக்கொண்டிருப்பார், அப்போது போய்ச் சொல்லுங்கள்: "சேர், இன்று தரம் 7இல் பின்னங்களை ஒப்பிடுதல். இதற்கு முன் சமவலுப் பின்னம் முடிந்தது. நாலிலொன்று மூன்றிலொன்றைவிடப் பெரிது என்று எட்டுப் பேராவது நினைக்கிறார்கள், நாலு மூன்றைவிடப் பெரிது என்பதால். எனக்கு ஓர் உதவி வேண்டும். நான் யாரிடம் எத்தனை கேள்வி கேட்கிறேன் என்று எண்ணிச் சொல்ல முடியுமா?"

இப்படி ஒரு வேலையைக் கையில் கொடுத்தால் அவருடைய கண் உங்கள் சேலை மடிப்பிலிருந்தும் சுவரில் ஒட்டிய படங்களிலிருந்தும் கேள்விகளுக்குத் திரும்பும். அவரும் மனிதர்தான். ஒரே நாளில் ஏழெட்டு வகுப்புகள் பார்த்துக் களைத்திருப்பார், என்ன பார்ப்பது என்று சொன்னால் மகிழ்வார்.

எண்ணுவதென்றால் எப்படி? நெட் பிளாண்டர்ஸ் என்பவர் வகுப்பறைப் பேச்சைப் பத்து வகையாகப் பிரித்தார். ஆசிரியர் பேச்சு ஏழு வகை, மாணவர் பேச்சு இரண்டு, மௌனமோ குழப்பமோ ஒன்று. மூன்று வினாடிக்கு ஒருமுறை நடப்பது எந்த வகை என்று குறிக்க வேண்டும். 40 நிமிடப் பாடவேளைக்கு 800 குறிகள். நான் ஒருமுறை செய்து பார்த்தேன், மறுநாள் பேனா பிடிக்க முடியவில்லை. அவ்வளவு தேவையில்லை. வகுப்பின் இருக்கைப் படத்தைக் கடதாசியில் கட்டமாக வரைந்து, கேள்வி போகும் இடத்தில் ஒரு கோடு, பதில் வரும் இடத்தில் ஒரு புள்ளி. அவ்வளவுதான். பாடம் முடிந்ததும் அந்தக் கடதாசியைப் பார்த்தால் முன்னிரண்டு வரிசை காடாக இருக்கும், பின்னால் வெட்டவெளி.

இன்னொன்றும் எண்ணலாம். கேள்வி கேட்டபின் எத்தனை வினாடி காத்திருக்கிறோம் என்பது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அளந்து சொன்னது இது. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள். மூன்று வினாடியும் அதற்கு மேலும் பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, தாமாக முன்வரும் பிள்ளைகள் கூடுகிறார்கள், "தெரியாது" குறைகிறது. மூன்று வினாடி சின்னதாகத் தோன்றும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, பின்வரிசையில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்க, மூன்று வினாடி மௌனமாக நின்று பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். மனதுக்குள் "கோணேசா, கோணேசா, கோணேசா" என்று சொல்லிக்கொள்வேன், நேரம் சரியாக வரும்.

படிவத்தில் ஈடுபடுத்தல், ஆராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்று பாடத்துக்கு ஐந்து கட்டங்கள் இருந்தால் பதற வேண்டாம். 2007இல் தரம் 6, 10 பாடத்திட்டங்கள் மாறியபோது ஆசிரியர் வழிகாட்டிகளில் வந்த ஒழுங்கு அது. ஐந்தையும் ஒரே பாடவேளைக்குள் திணித்துக் காட்ட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆராய்தலிலேயே மணி அடித்துவிட்டால், மீதி நாளைக்கு என்று பாடக்குறிப்பில் எழுதுங்கள்.

மேற்பார்வைக்குப் போகிறவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒன்று. பின்வரிசையில் அமராதீர்கள். முன்பக்க ஓரத்தில் அமருங்கள், பிள்ளைகளின் முகம் தெரியும்.


யூன் 13, மாலை 5.30

கச்சான் காற்று இன்று மிக மோசம். படிவம் பறந்துபோய்க் கிணற்றடியில் விழுந்த ஒரு மேற்பார்வை நாள் ஞாபகம் வந்தது, அதோடு மான் ஞாபகமும்.

நகரத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 6, சமச்சீர். நம் திருகோணமலையில் மான்கள் தெருவில் மாடுகளைப் போலத் திரிவது எல்லாருக்கும் தெரியும். கோட்டையிலிருந்து இறங்கி வந்த ஆண்மான் ஒன்று அரைச்சுவருக்கு மேலால் தலையை நீட்டியது. வகுப்பு கலைந்தது. அந்த ஆசிரியை இளம்பெண், ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "கொம்பு சமச்சீரா, இல்லையா? போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்" என்றார். முப்பது பிள்ளைகள் அரைச்சுவரில் வரிசையாக நின்று வாதாடினார்கள். இடக்கொம்பில் ஒரு கிளை முறிந்திருந்தது. சமச்சீர் அச்சு எங்கே வரும் என்று மூக்கின் நடுவில் விரலால் கோடு போட்டுக் காட்டினான் ஒருவன். மான் பொறுமையாக நின்றது.

என் படிவத்தில் இதற்கு நிரல் இல்லை. கடைசிப் பக்கத்தின் பின்புறத்தில் முழுவதையும் எழுதினேன்.


யூன் 19, இரவு 11.00

மேலே எழுதியதை மீண்டும் வாசித்தபோது, மற்றவர்கள் செய்த பிழையை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. என்னுடையதையும் எழுத வேண்டும்.

2017. ஒரு பாடசாலையில் கடைசிப் பாடவேளை. பகல் ஒரு மணி, தகரக் கூரை, சோளகத்து வெயில். பிள்ளைகள் மேசையில் சாய்ந்திருந்தார்கள். ஆசிரியர் நாற்பது வயதைக் கடந்தவர், குரல் தாழ்ந்தவர். "மாணவர் ஈடுபாடு மிகக் குறைவு. ஆசிரியர் உற்சாகமூட்டவில்லை" என்று எழுதினேன். பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. பேசாமலேயே கையொப்பம் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு வேறு வேலையாக அதே பாடசாலைக்குக் காலை எட்டரைக்குப் போனேன். அதே வகுப்பு, அதே ஆசிரியர். நான் போவதே தெரியாமல் நடைபாதையில் நின்று பார்த்தேன். பிள்ளைகள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். அவர் குரல் அப்போதும் தாழ்ந்துதான் இருந்தது, அதைக் கேட்பதற்காகவே வகுப்பு அமைதியாக இருந்தது. இடைவேளையில் விசாரித்தேன். அந்த வகுப்பில் பாதிப் பேர் காலையில் சாப்பிடாமல் வருகிறவர்கள். ஒரு மணிக்கு அவர்களுக்கு எழுந்து உட்கார உடம்பில் பலமில்லை.

நான் கண்டது பசி. எழுதியது ஆசிரியரின் குறை.

அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ரீச்சர், எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள்" என்றார். அந்தப் பதில் என்னை அடித்த அடி வேறெதுவும் அடித்ததில்லை. திருத்திய குறிப்பை எழுதி அதிபரிடம் கொடுத்தேன். ஆனால் முதற் குறிப்பு எங்கெங்கே போயிற்று என்று யாருக்குத் தெரியும்?

எட்வர்ட் தோர்ண்டைக் 1920இல் இராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இட்ட புள்ளிகளை ஆராய்ந்தார். தோற்றத்தில் நல்ல புள்ளி பெற்றவன் புத்தியிலும் தலைமையிலும் குணத்திலும் நல்ல புள்ளி பெற்றிருந்தான். ஒரு நல்ல அம்சம் கண்ணைப் பறித்துவிட்டால் மற்றவற்றை நாம் தனியே பார்ப்பதில்லை. குறையும் அப்படியே. அன்று பிள்ளைகளின் சாய்ந்த தலைகள் என் கண்ணை மறைத்துவிட்டன. அதன்பின் எந்த வகுப்பையும் ஒரே நேரத்தில், ஒரே தடவை பார்த்துவிட்டு எழுதுவதில்லை என்று முடிவெடுத்தேன். அதனால் என் எண்ணிக்கை குறைந்தது, மாதாந்த அறிக்கையில் கேள்வி வந்தது. வரட்டும் என்று விட்டேன்.


யூன் 25, காலை 8.00

ஒரு வாசகர் கேட்கிறார்: "பெறுபேறு நன்றாக இருந்தால் ஆசிரியர் நல்லவர், இல்லாவிட்டால் இல்லை. வகுப்பில் போய் உட்காருவது எதற்கு?"

இது பழைய யோசனை, ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 1862இல் இங்கிலாந்தில் பாடசாலைகளுக்கான அரச பணத்தைப் பெறுபேற்றின்படி கொடுக்கத் தொடங்கினார்கள். பரிசோதகர் வருவார், பிள்ளைகளை வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் மூன்றிலும் சோதிப்பார், தேறிய தலைக்கு இவ்வளவு என்று பணம். இலங்கையிலும் 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தபின் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் இதே வழியில் போயின. விளைவு என்ன? பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்தார்கள். சோதிக்கப்படாத பாடங்கள் சுருங்கின. பரிசோதகரும் ஆசிரியரும் ஒருவரையொருவர் ஏமாற்றும் நிலைக்கு வந்தார்கள். அந்த நூற்றாண்டு முடியுமுன் இங்கிலாந்து அதைக் கைவிட்டது.

அதே இங்கிலாந்தில் பாடசாலைகளைப் பரிசோதிக்கும் ஒவ்ஸ்டெட் நிறுவனம் 2014இல் இன்னொன்றையும் கைவிட்டது. தனித்தனிப் பாடத்துக்குத் தரம் இடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு பாடத்தைப் பார்த்து ஒரு சொல்லில் தீர்ப்பெழுதுவது நம்பத்தக்கதல்ல என்று ஆய்வாளர்கள் தொடர்ந்து காட்டியது அதற்கு ஒரு காரணம்.

தரம் 5 புலமைப்பரிசில் வகுப்பாசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெறுபேற்றை வைத்து அளக்கப்படுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும்.


யூலை 2, மாலை 4.45

இன்னொரு திருத்தம். முன்பக்க ஓரத்தில் அமருங்கள் என்று யூன் 12இல் எழுதியிருந்தேன். தம்பலகாமத்திலிருந்து ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர் எழுதுகிறார்: "தரம் 1, 2இல் புதியவர் முன்னால் உட்கார்ந்தால் பாடம் முடிந்தது. எல்லாப் பிள்ளைகளும் அவருடைய கைப்பையைத்தான் பார்ப்பார்கள். ஒரு பிள்ளை போய் மடியிலேயே ஏறிவிட்டது."

உண்மை. நான் தரம் 6க்குக் கீழ் அதிகம் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளைகளுடன் தரையில், பக்கவாட்டில், முதல் நாளே ஒருமுறை வந்து பழகிவிட்டு அமர்வது நல்லது என்று அவரே வழியும் சொல்லியிருக்கிறார். அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் அடிப்படையை விடமாட்டேன். பார்க்க வேண்டியது பிள்ளைகளை. ஜப்பானில் ஜுகியோ கென்கியூ என்று ஒரு வழக்கம் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. பாட ஆய்வு என்று நாம் சொல்கிறோம். சில ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் கற்பிப்பார், மற்றவர்கள் சுற்றி நின்று பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எதை அழிக்கிறார்கள் என்று குறிப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். பாடம் கூடித் திட்டமிட்டது என்பதால் குறையும் எல்லாருடையதாகிவிடுகிறது, கற்பித்தவர் மட்டும் தலைகுனிய வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் நான்கு கணித ஆசிரியர்கள் சேர்ந்து தவணைக்கு ஒருமுறை இதைச் செய்தோம். படிவமும் இல்லை, புள்ளியும் இல்லை. ஒரு பிள்ளையின் அழிறப்பர் எத்தனை முறை எந்த இடத்தில் ஓடியது என்று ஒருவர் குறித்து வந்திருந்தார். கழித்தலில் கடன் வாங்கும் இடத்தில் மட்டும் ஆறு முறை. அந்தப் பிள்ளையை நான் இரண்டு ஆண்டு கற்பித்தவள், எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இன்னொரு செய்தியும் மேற்பார்வையாளர்களுக்கு உதவும். ஐக்கிய அமெரிக்காவில் 2009 தொடக்கம் ஏறத்தாழ 3000 ஆசிரியர்களின் வகுப்புகளை வைத்துப் பெரிய ஆய்வொன்று நடந்தது. ஒருவரே மீண்டும் ஒருமுறை பார்ப்பதைவிட, இன்னொருவர் வந்து பார்த்தால் மதிப்பீட்டின் நம்பகம் கூடுதலாக உயர்கிறது என்று அதில் கண்டார்கள். நான் தனியே இரண்டு முறை போவதைப் பெரிதாக நினைத்திருந்தேன். ஒரு முறை போய், அடுத்த முறை சக ஆலோசகரை அனுப்பியிருக்க வேண்டும்.


யூலை 16, இரவு 8.30

கேள்வி கேட்ட தங்கை எழுதியிருக்கிறார். அவருடைய சொற்களிலேயே தருகிறேன்:

"நேற்று வந்தார்கள். அதிபர் அறையில் வைத்தே கேட்டேன், கேள்விகளை எண்ணித் தர முடியுமா என்று. அவர் சற்று யோசித்தார், பிறகு இருக்கைப் படம் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். முதல் ஐந்து நிமிடம் கை நடுங்கியது, பிறகு மறந்துபோனேன். பாடம் முடிந்ததும் மரத்தடியில் பத்து நிமிடம் பேசினோம். நான் 31 கேள்வி கேட்டிருக்கிறேன். அதில் 22 முன்னிரண்டு வரிசைக்கு. நாலாம் வரிசையில் சுவரோரம் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றுகூடப் போகவில்லை. அவள் இரண்டு முறை கை உயர்த்தியிருக்கிறாள், நான் பார்க்கவில்லை. படிவத்தில் 'கேள்விகளைப் பரவலாக்கவும்' என்று எழுதினார். சென்ற ஆண்டு இப்படி ஒரு வரி கிடைத்திருந்தால் அழுதிருப்பேன். இந்த முறை அந்தக் கடதாசியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்."

எனக்கு இதை வாசித்தபோது கண் கலங்கியது. வந்தவர் யாரென்று தெரியாது, அவருக்கும் என் வணக்கம். பத்து நிமிடம் மரத்தடியில் நின்றாரே!

சுவரோரப் பிள்ளையைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும், தங்கை. அவள் வகுப்புக்குப் புதியவளா? வேறு பாடங்களிலும் கை உயர்த்துகிறாளா? மற்ற ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது முறை அவள் உயர்த்த மாட்டாள், பிள்ளைகள் அப்படித்தான்.


யூலை 17, காலை 6.40

பதில் வந்தது. அவள் இரண்டாம் தவணையில்தான் வந்து சேர்ந்திருக்கிறாள். இடாப்பில் கடைசிப் பெயர்.

கேள்விகளைப் பரவலாக்குவதற்கு என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். ஐஸ்பழக் குச்சி வாங்குங்கள். பிள்ளைக்கு ஒன்றாகப் பெயரெழுதி ஒரு பால்மாப் பேணியில் போடுங்கள். கேள்வியை முதலில் கேளுங்கள், மூன்று வினாடி பொறுங்கள், அதன் பிறகு குச்சியை எடுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். எடுத்த குச்சியைத் திரும்பவும் பேணிக்குள்ளேயே போடுங்கள், இல்லாவிட்டால் ஒருமுறை பதில் சொன்னவன் மீதி நேரம் ஓய்வெடுப்பான். முதல் வாரம் சுவரோரப் பிள்ளைக்கு இரண்டு குச்சி போட்டு வையுங்கள், யாருக்கும் சொல்ல வேண்டாம். பேணி உள்ளே தெரியாததாக இருக்கட்டும், குச்சிகளுக்கு நிறமும் பூச வேண்டாம். எந்த நிறம் யாருடையது என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.